ஒரே எலி கடித்த எழுத்து: சொரசொரப்பான தமிழ் ஃபான்ட் செய்வது எப்படி

சிவகாசியில் பதினாறு வருடமாக டி.டி.பி. வேலை, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்கு வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, காலண்டர் அடிச்சீட்டு, கடை போர்டு எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். கொஞ்ச நாளாக எல்லோரும் ஒரே மாதிரி கேட்கிறார்கள்: "கையால எழுதுன மாதிரி, ஓரமெல்லாம் தேஞ்ச மாதிரி ஒரு எழுத்து போடுங்களேன்." இங்கிலீஷில் அப்படி எத்தனையோ கிடைக்கிறது. தமிழில் பாலூ தம்பி, மீரா இனிமை என்று நல்ல இலவச ஃபான்ட்கள் இருந்தாலும் அவை வழவழப்பானவை. சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தடவை சோம்பேறித்தனமாகச் செய்தேன். பதினெட்டு மெய்க்கும் அகர எழுத்தை மட்டும் பிரஷ்ஷால் எழுதி, மேலே புள்ளி ஒட்டி, பக்கத்தில் கால் ஒட்டி, மூன்றே நாளில் ஃபான்ட் ரெடி. ஒரு பக்கோடா கடை போர்டில் அதைப் போட்டுக் கொடுத்தேன். பத்தடி ஃப்ளெக்ஸ். மாட்டிவிட்டுக் கடைக்கார அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: "என்னம்மா இது, ரெண்டு 'க'வையும் ஒரே எலி கடிச்சிருக்கு?"

பார்த்தேன். 'க்' வலது வளைவில் ஒரு பிளவு, கீழே ஒரு பல். அடுத்த 'கோ'விலும் அதே இடத்தில் அதே பிளவு, அதே பல். லேபிள் அளவில் என் கண்ணில் படாதது, பத்தடியில் பல்லை இளித்தது.

தேய்ந்த ஓரம் உள்ள ஃபான்டுக்கு இதுதான் பெரிய வியாதி. வழவழப்பான எழுத்தில் இரண்டு 'க' அச்சாக ஒன்றுபோல் இருந்தால் யாருக்கும் உறுத்தாது. பிசிறடித்த எழுத்தில் பிசிறு இரண்டாம் முறை வந்த உடனேயே அது கையால் எழுதியதில்லை என்று தெரிந்துவிடும். தமிழிலோ ஒற்று இரட்டிப்பது மூச்சு விடுவது மாதிரி. பக்கம், பட்டம், தப்பு, அம்மா, அண்ணாச்சி. இதற்கு மருந்தும் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. அதைத்தான் இதில் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1. பதினெட்டு மெய்க்கும் ஆறு வடிவம் தனித்தனியாக வரையுங்கள்: க, க், கி, கீ, கு, கூ. அது 108. ஆக 121. இதோடு ஐந்து குறிகள்: துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரத்துக்குப் பின்னால் நிற்கும் அந்த 'ள' மாதிரி குறி. கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ என்று மிச்சம் இருக்கும் 126 எழுத்தும் இந்த ஐந்தைச் சேர்த்தே வந்துவிடும். 126 படம் வரைந்தால் 247 எழுத்து.

கு, கூ வரிசையை எப்படியும் தனியாகத்தான் வரைய வேண்டும். கு, சு, து, மு ஒவ்வொன்றுக்கும் வால் ஒவ்வொரு மாதிரி. ஆனால் புள்ளி வைத்த எழுத்தை யாரும் தனியாக வரைவதில்லை. 'க' மேல் ஒரு புள்ளியை ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கேதான் நானும் மாட்டினேன். தமிழில் ஒற்று இரட்டிக்கும்போது முன்னால் நிற்பது எப்போதும் புள்ளி எழுத்து. ஆகவே 'க்' என்பதை 'க'வைப் பார்க்காமல் புதிதாக எழுதிவிட்டால் பக்கோடாவில் எலி இரண்டு முறை கடிக்காது. 'கொக்கு' என்று அடித்துப் பாருங்கள்: க, க், கு மூன்றும் மூன்று தனிப் படம். எந்தத் தந்திர விதியும் இல்லாமலேயே மூன்று பிசிறும் வேறு வேறாக நிற்கும். பதினெட்டு படம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

கிரந்தம் வேண்டும் என்றால் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம் நான்கு நான்கு, உகர ஊகாரக் குறி இரண்டு, ஸ்ரீ ஒன்று. 23. கடை போர்டு வேலைக்கு இது இல்லாமல் முடியாது. 'ஸ்ரீ' இல்லாத ஃபான்டைச் சிவகாசியில் ஒருத்தர் தொடமாட்டார்.

பிசிறு எங்கே வரும்

என் தாய்மாமா சுவர் எழுதுகிறவர். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் தேர்தல் என்றால் சாத்தூர்ப் பக்கம் இரவு பகலாக அவருக்கு வேலை. சுண்ணாம்பு அடித்த சுவர், வஜ்ரம் காய்ச்சி ஊற்றிய பவுடர் கலர், தட்டைப் பிரஷ். சின்ன வயதில் டப்பா பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். "சுவரு குடிக்கும் தாயி" என்பார். பிரஷ்ஷை வைத்த இடத்தில் கலர் ததும்பும். ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். இழுத்துக்கொண்டே போகப் போக சுவர் குடித்துவிடும். கோட்டின் கடைசியில் பிரஷ் மயிர் தனித்தனியாகப் பிரிந்து, நடுநடுவே வெள்ளை தெரியும்.

ஆக, பிசிறுக்கு ஒரு திசை உண்டு. தொடங்கும் இடம் கொழுகொழுவென்று, முடியும் இடம் வறண்டு. மாமா 'க' எழுதினால் மேல்கோடும் நடுக்கோடும் கனமாக விழும். வலது வளைவைக் கடைசியாகச் சுழற்றுவார், அங்கே மட்டும் வரிவரியாகக் கிழியும். இல்லஸ்ட்ரேட்டரில் ரஃபன் எஃபெக்ட் கொடுத்தால் ஏன் பொய்யாகத் தெரிகிறது என்பதற்குக் காரணமும் இதுதான். அது எழுத்தைச் சுற்றி எல்லா ஓரத்தையும் ஒரே அளவில் கொறிக்கிறது. முதல் எங்கே, முடிவு எங்கே என்று அதற்குத் தெரியாது.

ஆகவே உண்மையாகவே பிரஷ் எடுங்கள். நான் எடுத்தது அரை இஞ்ச் தட்டைப் பிரஷ், கறுப்பு போஸ்டர் கலர், கார்ட்ரிட்ஜ் பேப்பரின் சொரசொரப்பான பக்கம். வழவழப்பான ஆர்ட் பேப்பர் உதவாது, அது குடிக்காது. கலரில் தண்ணீர் கம்மியாக, தோசை மாவுப் பதத்துக்கு. தாளில் நான்கு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: எழுத்தின் உடம்புக்கு இரண்டு, 5 செ.மீ. இடைவெளியில், மேலே விசிறிக்கும் (கி, கீயின் மேல் வளைவு) புள்ளிக்கும் 2 செ.மீ.; கீழே வாலுக்கு 2 செ.மீ. இந்த மேல் கோட்டை விட்டுவிட்டு எழுதினால் 'கீ'யின் சுழி ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் வரும், பிறகு கம்ப்யூட்டரில் இழுத்துப் பிடிக்க முடியாது.

ஒவ்வொரு எழுத்தையும் நான்கு தடவை எழுதினேன். தாளுக்கு எட்டு, மொத்தம் 63 தாள். ஒரு எழுத்துக்குக் கலரில் ஒரே ஒரு முக்கு. மாமா ஒரு முக்கில் இரண்டு எழுத்து எழுதுவார். சுவரில் அது அழகு. ஃபான்டில் அப்படிச் செய்தால் பாதி எழுத்து ஈரம், பாதி எழுத்து வறட்சி என்று வார்த்தை நொண்டும். நான்கில் ரொம்ப ஈரமானதையும் ரொம்பக் கிழிந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். கிழிந்ததுதான் பார்க்க ஆசையாக இருக்கும். அது தனியாக நிற்கும்போது மட்டும்.

தள்ளிய தாளைக் குப்பையில் போட வேண்டாம், பின்னால் வேலை இருக்கிறது.

கடிக்கக் கூடாத இடங்கள்

இங்கிலீஷ் ஃபான்ட் பாடம் பார்த்துச் செய்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கே. தமிழில் சின்னச் சின்ன உறுப்பில்தான் எழுத்தின் அடையாளமே இருக்கிறது. அதைப் பிசிறு தின்றுவிட்டால் எழுத்தே மாறிவிடும்.

'ர'வுக்கும் துணைக்காலுக்கும் இடையில் இருப்பது அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சின்னக் கீற்று. கோடு முடிகிற இடம் என்பதால் பிரஷ் வறண்டு அந்தக் கீற்று பாதி காணாமல் போகும். நான் 'ர'வில் மட்டும் கீற்றுக்கென்று தனியாகப் பிரஷ்ஷை முக்கி எழுதினேன். 'ஏ'யின் அடிக்காலும் அப்படியே. அது போனால் ஏரி எரி ஆகிவிடும். ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருப்பவர் சும்மா விடமாட்டார். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் மேலே உள்ள சுழி ஒன்றுதான். தட்டைப் பிரஷ்ஷில் அந்தச் சுழி அடைத்துக்கொள்ளும். சுழியைப் பெரிதாக்கி, உள்ளே வெளிச்சம் தெரிகிற மாதிரி எழுதுங்கள். ண, ன இரண்டிலும் சுழியை எண்ணித்தான் ஜனங்கள் படிக்கிறார்கள். மூன்றும் இரண்டும் தெளிவாக நிற்கட்டும்.

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. போர்டு எழுதுகிறவர்கள் புள்ளியைத் தாராளமாக வைப்பார்கள், சில பேர் குட்டி வட்டமாகவே போடுவார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியும். தூரத்தில் முதலில் மறைவது புள்ளி, 'பல் ஆஸ்பத்திரி' உடனே 'பல ஆஸ்பத்திரி' ஆகிவிடும். என் ஃபான்டில் புள்ளி கோட்டின் தடிமனை விடக் கொஞ்சம் பெரியது, ஓரத்தில் பிசிறு கிடையாது. அது மட்டும் வழவழப்பாக இருக்கிறதே என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

எண்களையும் கடிக்க விடாதீர்கள். 3, 8 இரண்டும் பிசிறில் ஒன்றாகும். போர்டில் எண் என்றால் போன் நம்பர். வேறு பேச்சே இல்லை.

ஸ்கேன், டிரேஸ்

600 டி.பி.ஐ., கிரேஸ்கேல். 5 செ.மீ. உயரம் ஏறக்குறைய 1,180 பிக்சல் வரும், போதும். கிம்ப்பில் திறந்து திரெஷோல்டில் கறுப்பு வெள்ளையாக்குங்கள். ஒரு தாளுக்கு வைத்த அளவையே எல்லாத் தாளுக்கும் வையுங்கள். ஒவ்வொன்றாக மாற்றினால் எழுத்தின் கனம் மாறிவிடும். பிறகு இங்க்ஸ்கேப்பில் டிரேஸ் பிட்மேப். படத்தின் ஓரத்தை அது கோடாக மாற்றித் தரும்.

இங்கே ஒரு பொறி உண்டு. அப்படியே டிரேஸ் செய்தால் எனக்கு ஒரு 'ணூ'வுக்கு 900 நோடுக்கு (ஓரக்கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகள்) மேல் வந்தது. சிம்ப்ளிஃபை கொடுத்தால் குறையும், ஆனால் பற்களை எல்லாம் ஒரேயடியாக மழித்து, கடல் அலை மாதிரி ஆக்கிவிடும். நான் செய்தது வேறு: டிரேஸுக்கு முன்னால் படத்தையே 600 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கினேன். நுண்ணிய தூசி தானாகப் போய்விடும், பெரிய பல் தங்கும். சின்னப் பொட்டுகளை நீக்கும் ஸ்பெக்கிள்ஸ் அளவையும் கொஞ்சம் கூட்டினேன். எழுத்துக்கு 200 நோடுக்குள் நின்றது. உள்ளே தெரியும் வெள்ளை வரிகளில் தடித்த இரண்டு மூன்றை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கையாலேயே அழித்தேன்.

ஃபான்ட்ஃபோர்ஜ்

கிளிஃப்ஸ் நல்ல மென்பொருள்தான், ஆனால் மேக் வேண்டும், காசும் வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், முகம் கொஞ்சம் பழையது, வேலை சுத்தம். எம் அளவு (எழுத்து நிற்கும் கட்டத்தின் உயரம்) 1,000 வைத்து, டிரேஸ் செய்த எஸ்.வி.ஜி. படங்களை ஒவ்வொரு கட்டத்துக்கும் இம்போர்ட் செய்யுங்கள். கரெக்ட் டைரக்ஷன், ரிமூவ் ஓவர்லேப் இரண்டையும் மறக்க வேண்டாம். மறந்தால் சுழிக்குள் கறுப்பு நிரம்பிவிடும். வின் அசென்ட் அளவை (விண்டோஸ் எழுத்துக்கு மேலே விடும் இடம்) 'கீ', 'ணீ' சுழிக்கு மேலேயே வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் சில இடங்களில் சுழியின் தலை வெட்டுப்படும்.

அடுத்தது விதிகள். கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொது முறையான யூனிகோடில் 'க்' என்று தனி எழுத்து கிடையாது. 'க' என்று ஒன்று, புள்ளி என்று ஒன்று. இரண்டும் சேர்ந்தால் நீங்கள் வரைந்த 'க்' படத்தைக் காட்டு என்று லிகேச்சர் விதி எழுத வேண்டும். ஃபான்டுக்குள் விதிகளை வைக்கும் தொகுப்புக்கு ஃபீச்சர் என்று பெயர். இதை ஹாஃப், ஹால்ன் என்ற இரண்டு ஃபீச்சரிலும் போடுங்கள். சொல்லின் நடுவில் வரும் ஒற்றுக்கு முன்னது, கடைசியில் வருவதற்குப் பின்னது. 'எங்கே' என்று அடித்தால் இரட்டைக்கொம்பு 'ங்'குக்கும் 'க'வுக்கும் நடுவில் சரியாக உட்கார வேண்டும், அதுதான் பரீட்சை. கி, கீ, கு, கூ வரிசைக்கும் இதே மாதிரி லிகேச்சர், அது பி.எஸ்.டி.எஸ். ஃபீச்சரில். கொம்பை முன்னால் நகர்த்துவது, 'கொ'வை ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரிப்பது எல்லாம் ஷேப்பிங் எஞ்சின் (எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் மென்பொருள்) பார்த்துக்கொள்ளும். குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபீஸ் மூன்றிலும் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் செய்கிறது. ஆனாலும் ஒகரக் குறியின் கட்டத்தைக் காலியாக விட வேண்டாம். காலியாக இருந்தால் சில மென்பொருள் அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் வேறு ஃபான்டுக்குத் தாவிவிடும்.

ஸ்ரீ என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. 'ஸ, புள்ளி, ர, ஈகாரக்குறி சேர்ந்தால் ஸ்ரீ' என்று விதி எழுதியிருந்தேன், வரவே இல்லை. அதற்கு முன்னாலேயே ஸவும் புள்ளியும் சேர்ந்து 'ஸ்' ஆகிவிட்டிருந்தன, விதிக்குச் சிக்க எதுவும் மிச்சமில்லை. விதியை ஹாஃபுக்கு முன்னாலேயே ஓடும் அகண்ட் ஃபீச்சருக்கு மாற்றியதும் வந்துவிட்டது. க்ஷவுக்கும் அதுவே இடம்.

இதெல்லாம் தலையைச் சுற்றினால், லோஹித் தமிழ் மாதிரி ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸில் உள்ள ஒன்றைத் திறந்து அதன் விதிகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று பார்த்துப் படியுங்கள். அதையே எடுத்து மாற்றினால் உங்கள் ஃபான்டையும் அதே லைசன்ஸில்தான் வெளியிட வேண்டும்.

இப்போது அந்தத் தள்ளிய தாள்கள். புள்ளி எழுத்தைத் தனியாக வரைந்ததில் இரட்டிப்பு தீர்ந்தது. ஆனால் 'தாத்தா', 'பாப்பா', 'மாமா' இருக்கிறதே. அங்கே ஒரே துணைக்கால் இரண்டு முறை வருகிறது. அதற்குத் துணைக்கால், த, ப, ம, க, ட, ன, ர ஆகியவற்றுக்கு மட்டும் தாளிலிருந்து இரண்டாவது உருவை எடுத்து மாற்றெழுத்தாக வைத்தேன். முன்னால் மூன்று எழுத்துக்குள் அதே எழுத்து வந்திருந்தால் இரண்டாவதைப் போடு என்று காண்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸில் விதி. எல்லா எழுத்துக்கும் இப்படிச் செய்யப் போனால் ஆயுசு போதாது. அடிக்கடி வருகிற எட்டுக்குச் செய்தால் கண் ஏமாந்துவிடும்.

ஆசைக்காக இன்னும் ஏழு படம் போட்டேன். மாமா இன்றைக்கும் 'லை'யைத் தும்பிக்கை வைத்துத்தான் எழுதுவார். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது மாறிய பதிமூன்று எழுத்துகளில் அது ஒன்று. பழைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஏழையும் வரைந்துவிட்டால் ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ கொம்பு சேர்த்து வந்துவிடும். ஸ்டைலிஸ்டிக் செட் (வேண்டும்போது மட்டும் திறக்கும் மாற்றெழுத்துத் தொகுப்பு) ஒன்றில் ஒளித்து வைத்திருக்கிறேன். பழைய காலத்து மிட்டாய்க் கடை மாதிரி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதைத் திறந்துவிடுவேன்.

கொடுக்கும் முன்

பழைய ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்காமல் அடித்துவிட்டு, "உங்க ஃபான்ட்ல கொம்பு பின்னால போகுது" என்று போன் வரும். முதல் வாரம் எனக்கு வந்த போனில் பாதி இதுதான். மிச்சப் பாதி, யூனிகோடு அல்லாத பழைய பாமினி முறையில் அடித்துவிட்டு இங்கிலீஷ் எழுத்தாக வருகிறதே என்பது. இரண்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஃபான்டோடு அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு சின்னதாகப் போடலாம் என்பதையும் அதில் எழுதுங்கள். என் எழுத்தில் ஒரு பல் ஏறக்குறைய உயரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டடி எழுத்தில் அது ஒரு செ.மீ.க்கு மேல், அழகாகத் தெரியும். தீப்பெட்டி லேபிளில் 12 பாயின்டில் போட்டால் 0.1 மி.மீ.கூட இல்லை, ஆஃப்செட்டில் மை பரவி வெறும் அழுக்காகத் தெரியும். 24 பாயின்டுக்குக் கீழே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிற தம்பி ஒருவர் கடைக்கே வந்து சண்டை போட்டார். ஆட்டோ பின் கண்ணாடிக்கு என் ஃபான்டில் ஒரு பெயர். கட்டிங் பிளாட்டர் உள் ஓட்டை ஒவ்வொன்றையும் வெட்டியிருக்கிறது, அதையெல்லாம் ஊசியால் நோண்டி எடுக்க அவருக்கு ஒரு மத்தியானம். நியாயமான கோபம். உள் வரிகளை எல்லாம் அடைத்து, வெளி ஓரப் பிசிறை மட்டும் வைத்து 'ஸ்டிக்கர்' என்று இன்னொரு ஃபைல் செய்து கொடுத்தேன். நீங்களும் ஆரம்பத்திலேயே இரண்டாகச் செய்துவிடுங்கள்.

பக்கோடா கடை போர்டையும் என் செலவிலேயே மாற்றிக் கொடுத்தேன். இந்தத் தடவை அண்ணாச்சி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்து, "போன் நம்பர் ஏம்மா இவ்ளோ சின்னதா இருக்கு?" என்றார்.